ஆறு முதல் எட்டு வரை: மரபியல் செய்முறைக்கான கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவிபெறும் நடுநிலைப்பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோரும், அங்கே அறிவியல் சொல்லித்தரும் ஆசிரியர்களும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் சேர்ந்து பள்ளிக்கல்வித் துறையின் முன் வைக்கும் சாசனம் இது. குழந்தைகள் செய்து பார்த்தும் தேடியும் கண்டறிந்தும் கற்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 29ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் கடமை என்று 1976இல் அரசியலமைப்பிலேயே எழுதியாகிவிட்டது. அந்தக் கடமையைச் செய்ய எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மேசை, ஒரு தண்ணீர்க் குழாய், வாரத்தில் ஓர் இரட்டைப் பாடவேளை தேவை. தேவையா இல்லையா என்ற பேச்சை இங்கே நாங்கள் எடுக்கவில்லை. இத்தனை நாள் ஏன் ஆயிற்று, இனி எந்தத் தேதிக்குள் நடக்கும் என்பதை மட்டும் கேட்கிறோம்.

மரபியல் ஆறாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். இப்போதைய பாடத்திட்டத்தில் மெண்டலும் அவருடைய பட்டாணிச் செடியும் பத்தாம் வகுப்பில் வருகிறார்கள். ஆறாம் வகுப்பில் செல்லைப் படம் வரைந்து பாகம் குறித்த பிள்ளை, அந்தச் செல்லுக்குள் இருப்பதில் ஒரு பங்கு தன் அப்பத்தாவிடமிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள நான்கு வருடம் காத்திருக்கிறது. 'நான் மட்டும் ஏன் அத்தை மாதிரி இருக்கேன்' என்று பிள்ளைகள் கேட்பது பதினோரு, பன்னிரண்டு வயதில். பத்தாம் வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்க நேரமில்லை, பொதுத்தேர்வு வந்துவிடுகிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் பிள்ளைக்கோ மரபியல் வாழ்நாளில் எட்டாமலே போகிறது. பாடநூலைத் திருத்துவதென்றால் குழு, வரைவு, அச்சு என்று ஆண்டுகள் ஓடும். அது ஓடட்டும். வரும் ஜூனிலேயே மூன்று வகுப்புகளுக்கும் ஒரு சிறிய செய்முறைக் கையேடு வந்துவிட வேண்டும்.

ஆறாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு முறையாவது டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்திருக்க வேண்டும். இதற்குத் தேவையான பொருள் எல்லாம் தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. நன்றாகப் பழுத்த வாழைப்பழம் அல்லது பப்பாளித் துண்டு, கொஞ்சம் உப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு, வடிகட்ட வெள்ளைத் துணி, ஐஸில் வைத்துக் குளிரவைத்த ஸ்பிரிட். பழத்தைப் பிசைந்து சோப்புத் தண்ணீரும் உப்பும் கலந்தால் செல்லின் சவ்வுகள் சோப்பில் கரைந்து உடைகின்றன. வடிகட்டிய சாற்றின் மேல் குளிர்ந்த ஸ்பிரிட்டை விளிம்போரமாக மெதுவாக ஊற்றினால், இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளை வெள்ளையாக நூல் திரண்டு மேலே எழும். குச்சியில் சுற்றி எடுக்கலாம். அது முழுக்கத் தூய டி.என்.ஏ. இல்லை, புரதமும் பெக்டினும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளிடம் அதையும் சொல்லிவிட வேண்டும். தூய்மைப்படுத்துவது எப்படி என்று அடுத்த கேள்வியை அவர்களே கேட்பார்கள். 1869இல் ஃபிரெடரிக் மீஷர் என்ற இளைஞர் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில், மருத்துவமனையிலிருந்து வந்த சீழ் தோய்ந்த கட்டுத்துணிகளைக் கழுவி இந்தப் பொருளை முதன்முதலில் பிரித்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய வேலை, ஓர் இரட்டைப் பாடவேளைக்குள் முடிகிற வேலை. ஒரு சீப்பு வாழைப்பழமும் மீன் கடை ஐஸும் ஒரு வகுப்புக்குத் தாராளமாகப் போதும். இதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் எங்களுக்குப் புலப்படவில்லை.

இந்த வேலைகளைச் செய்ய இடம் வேண்டும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆய்வகம் என்று ஓர் அறை இருக்கிறது. பெரும்பாலான நடுநிலைப்பள்ளிகளில் அறிவியல் என்பது மற்றப் பாடங்கள் நடக்கும் அதே அறையில், அதே தரையில், அதே கரும்பலகையில் நடக்கிறது. புதுக் கட்டடம் எழும்பும்வரை காத்திருக்கச் சொன்னால் அதை நாங்கள் ஏற்கப்போவதில்லை. இருக்கும் வகுப்பறை ஒன்றில் சுவரோரம் கடப்பாக்கல் பதித்த நீள மேசை, ஒரு தொட்டி, ஒரு குழாய், பூட்டு போட்ட அலமாரி, சிறிய குளிர்ப்பெட்டி, ஒரு வாளி மணல். இவ்வளவு போதும். கோடை விடுமுறையில் ஒரு கொத்தனாரும் ஒரு குழாய்க்காரரும் சேர்ந்து முடித்துவிடுவார்கள்.

நுண்ணோக்கி ஐந்து பிள்ளைகளுக்கு ஒன்று வேண்டும். ஒரு வகுப்புக்கு ஒன்று என்றால் நாற்பது பேர் வரிசையில் நின்று, ஆளுக்குப் பத்து நொடி ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தங்கள் இமைமுடியைப் பார்த்துவிட்டு இடத்துக்குத் திரும்புவார்கள். மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் அறிமுகப்படுத்திய காகித நுண்ணோக்கியான ஃபோல்டுஸ்கோப் சுமார் 140 மடங்கு பெருக்கிக் காட்டும். வெங்காயத் தோலின் செல்லும் பூவின் மகரந்தமும் பார்க்க அது நன்றாகவே உதவும். பிள்ளைகள் வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். குரோமோசோமைப் பார்க்க அது போதாது. அதற்கு 400 மடங்கு பெருக்கும் கூட்டு நுண்ணோக்கி வேண்டும். மலிவான ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்க முடியாதபடி இரண்டையும் இங்கே பிரித்தே எழுதுகிறோம்.

குரோமோசோமைப் பார்ப்பது எட்டாம் வகுப்பின் வேலை. டம்ளர் தண்ணீரின் மேல் வெங்காயத்தை உட்காரவைத்தால் மூன்று நான்கு நாளில் வெள்ளை வேர் இறங்கும். நுனியை வெட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிறிது நேரம் வைத்து இளக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, சிலைடில் வைத்து மேலே கண்ணாடி வில்லையை மூடிக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அமில வேலை ஆசிரியருடையது, அழுத்தும் வேலை பிள்ளையுடையது. வெங்காயத்துக்குக் குரோமோசோம் 16. அத்தனையையும் எண்ணுவது பெரியவர்களுக்கே சிரமம். ஆனால் சிவந்த இழைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து விலகும் நிலையில் ஒரு செல் கண்ணில் பட்டுவிட்டால், செல் பிரிதல் என்ற பாடத்தை அந்தப் பிள்ளைக்கு மறுபடி நடத்த வேண்டியிராது.

அடுத்து, ஒவ்வொரு பள்ளியிலும் நான்கு பாத்தி நிலம் மரபியலுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். இடமில்லாத நகரப் பள்ளிகளுக்கு மண் நிரப்பிய பைகள் போதும். பட்டாணி நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வரும், சமவெளிச் சூட்டில் சரிப்படாது. எங்களுக்கு அந்திமந்தாரை இருக்கிறது. சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் கலந்தால் அடுத்த தலைமுறையில் இளஞ்சிவப்பு வரும் என்று பாடநூலே அந்தப் பூவைத்தான் எடுத்துக்காட்டாகக் காட்டுகிறது. கிராமத்தில் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் தானாக முளைக்கிற செடி அது. படத்தில் பார்த்துப் படிக்கவைக்கிறோம், வேலியில் இருப்பதை விட்டுவிடுகிறோம்.

இந்தச் செடியைப் பள்ளியில் வளர்ப்பதில் சில சிக்கல்கள் உண்டு. அவற்றையும் தீர்த்துத் தர வேண்டும். பூ சாயங்காலம் விரியும். மொட்டு விரியும் முன்பே மகரந்தத் தாள்களைச் சாமணத்தால் எடுத்துவிட வேண்டும், விரிந்த பின் மற்ற நிறப் பூவின் மகரந்தத்தைத் தடவி, காகித உறை மாட்டி, நூலில் அட்டை கட்ட வேண்டும். பள்ளி மணி அடிக்கும் நேரமும் பூ மலரும் நேரமும் ஒன்றாக வருகின்றன. எனவே பூக்கும் சில வாரங்களில் மட்டும் விருப்பமுள்ள மாணவர்கள் ஐந்தரை மணிவரை இருக்க அனுமதியும், உடனிருக்கும் ஆசிரியருக்கு ஈடுசெய் விடுப்பும் எழுத்தில் வர வேண்டும். ஒரு பூவுக்கு ஒரே விதை, மிளகு போல. ஆகவே எழுபது எண்பது பூவாவது கலந்தால்தான் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு விதை சேரும். ஜூனில் விதைத்தால் காலாண்டுத் தேர்வை ஒட்டிப் பூ வரும், அந்த விதையை விதைத்தால் அதே கல்வியாண்டுக்குள் இளஞ்சிவப்புத் தலைமுறையைப் பார்த்துவிடலாம். அதன் பிள்ளைத் தலைமுறையில் சிவப்பும் வெள்ளையும் திரும்ப வருவதை அடுத்த வருடம் எண்ண வேண்டும். ஏழாம் வகுப்பில் விதைத்தவர்களே எட்டாம் வகுப்பில் எண்ணுவார்கள். இடையில் வரும் மே மாதத்தில் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளும் வேண்டும்.

வேலியோரச் செடி கலப்பினமாகவும் இருக்கும் என்பதால், நிறம் மாறாமல் வரும் தூய வழி விதைகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பள்ளிகளுக்குப் பெருக்கித் தர வேண்டும். அந்திமந்தாரை, நீலமும் வெள்ளையுமான சங்குப்பூ, இரண்டு நிற மணிகள் கொண்ட மக்காச்சோளக் கதிர் என்று மூன்று போதும். கதிருக்குக் காத்திருப்பே இல்லை. ஊதா வகையையும் மஞ்சள் வகையையும் கலந்து, அதன் அடுத்த தலைமுறைக் கதிரைப் பிள்ளையிடம் கொடுத்தால், ஒரே கதிரில் பல நூறு மணிகளை எண்ணிப் பார்த்துவிடலாம். மெண்டல் 7,324 பட்டாணிகளை எண்ணினார். உருண்டை 5,474, சுருங்கியது 1,850. அவருடைய விதி சொல்லும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் அவருக்கே அச்சாக வரவில்லை, 2.96க்கு 1 வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் கோணலாக வரும், வரட்டும். எல்லா நோட்டிலும் சரியாக மூன்றுக்கு ஒன்று இருந்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். விதைப் பெருக்கத்துக்கு ஒரு பருவம் ஆகும் என்பதால் பல்கலைக்கழகத்துக்கு உத்தரவு வரும் ஜனவரியிலேயே போயாக வேண்டும்.

பால் நிர்ணயம் எட்டாம் வகுப்பில் செய்முறையாகவே நடக்க வேண்டும். தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை போதும். பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களில் அம்மாவிடம் எக்ஸ் மட்டுமே உண்டு. அப்பாவிடம் எக்ஸும் ஒய்யும் உண்டு. கொட்டையை அப்பாவின் பங்காக வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் நான்கு குழந்தை உள்ள குடும்பமாக நான்கு முறை போட வேண்டும். நாற்பது பேர் போட்டால் நான்கும் பெண்ணாக விழுந்த குடும்பம் ஓரிரண்டாவது வரும். அதில் அம்மாவின் கை எங்கே இருந்தது என்று அப்போது கேட்க வேண்டும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலையில் இருந்த மாநிலம் இது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. பெண் பெற்றவளைப் பழிக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. பத்து வருடத்தில் அம்மாவாகவும் அப்பாவாகவும் மாமியாராகக் காத்திருப்பவர்களின் பிள்ளைகளாகவும் ஆகப்போகிறவர்கள் இப்போது எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பாடவேளையைப் பள்ளிகளின் விருப்பத்துக்கு விடக் கூடாது. கட்டாயமாக்க வேண்டும்.

அதே கொட்டைகளால், குறையுள்ள மரபணு பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு பண்பு நோய்களையும் சொல்லித்தர வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்துக்குள் மணம் முடித்தவர்கள். தாய்மாமனையும் அத்தை மகனையும் முறையாகக் கொண்ட சமூகத்தில், பெற்றோர் இருவருமே ஒரே குறையுள்ள மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு ஏன் கூடுகிறது என்பதைப் பிள்ளைகள் எண்களாகப் பார்த்திருக்க வேண்டும். யார் வீட்டையும் குறை சொல்லாமல், பயமுறுத்தாமல், கொட்டையைப் போட்டுக் காட்டியே இதைச் சொல்லலாம். நீலகிரியில் இது இன்னும் அவசரம். இந்தியாவில் அரிவாள் செல் இரத்தம் இருப்பது 1952இல் முதன்முதலில் அந்த மலை மக்களிடம்தான் பதிவாயிற்று. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தின் கீழ்ப் பரிசோதனை நடந்து, முடிவைச் சொல்லும் அட்டை வீட்டுக்கு வருகிறது. இருவரும் நோயைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதை வீட்டில் படித்துச் சொல்ல ஒரு பிள்ளையாவது வேண்டும். கூடலூர், பந்தலூர் வட்டாரப் பள்ளிகளில் இந்தப் பாடம் மற்ற மாவட்டங்களுக்காகக் காத்திராமல் தொடங்கட்டும்.

என்ன செய்யக் கூடாது என்பதும் கையேட்டில் இருக்க வேண்டும். நாக்கைச் சுருட்டுவது, காது மடல் ஒட்டியிருப்பது போன்றவற்றை வகுப்பில் கணக்கெடுத்து, ஓங்கு, ஒடுங்கு என்று பிரிக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். நாக்குச் சுருட்டல் எளிய மரபுப் பண்பு என்று 1940இல் எழுதியவர் மரபியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவர் சுருட்ட, மற்றவரால் முடியாமல் போவதை 1952இல் ஓர் ஆய்வு காட்டியது, ஸ்டர்ட்டிவன்ட்டும் அதை ஒப்புக்கொண்டார். இன்றும் அது செய்முறைத் தாள்களில் உலா வருகிறது. தப்பான அறிவியல் என்பதோடு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அப்பா அம்மா இருவராலும் முடியாததைப் பிள்ளை செய்தால், வகுப்பில் யாராவது ஒருவன் கணக்குப் போட்டு வாயைத் திறப்பான். தத்துப் பிள்ளையும், அப்பாவின் முகம் தெரியாத பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் வகுப்பு அது. சொந்தக் குடும்ப மரத்தை வரையச் சொல்லவே வேண்டாம். கற்பனைக் குடும்பம், அல்லது விக்டோரியா ராணியின் வாரிசுகளில் ஓடிய இரத்தம் உறையா நோய், இவை போதும்.

நிறமும் சாதியும் பற்றிய பேச்சை வகுப்பு தவிர்க்கவும் கூடாது. 'அவங்க ரத்தமே அப்படி' என்பதைப் பிள்ளை பள்ளிக்கு வரும் முன்பே கேட்டுவிட்டுத்தான் வருகிறது. தோலின் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன, வெயிலுக்கும் அதில் பங்குண்டு. சாதியைக் காட்டும் மரபணு எதுவும் கிடையாது. இந்த இரண்டு வாக்கியமும் கையேட்டில் தெளிவாக அச்சாக வேண்டும். ஆசிரியர் சொந்தத் துணிச்சலில் சொல்ல வேண்டிய நிலையில் அவரை விடக் கூடாது.

எந்தப் பிள்ளையின் இரத்தமும் எச்சிலும் செய்முறை என்ற பெயரில் பள்ளிக்கு வெளியே போகக் கூடாது. கன்னத்தின் உட்புறச் செல்லைப் பார்க்க விரும்புகிறவர் தன்னுடையதை மட்டும் தானே எடுத்து, பார்த்த பின் பிளீச்சிங் கரைசலில் போட்டுவிடட்டும். இரத்தம் எடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். ஸ்பிரிட் பூட்டுக்குள் இருக்க வேண்டும், அருகில் அடுப்போ தீக்குச்சியோ கூடாது. செய்முறை மேசையில் வைத்த பழத்தை யாரும் தின்னக் கூடாது. இந்த விதிகள் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், சுவரில் இருக்கட்டும்.

இனி ஆசிரியர். நடுநிலைப்பள்ளியின் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் இயற்பியலோ வேதியியலோ படித்தவராக இருக்கலாம், கடைசியாக வெங்காய வேரைத் தொட்டது பள்ளி நாளில் என்றும் இருக்கலாம். அவருக்கு ஐந்து நாள் பயிற்சி வேண்டும். வட்டார வள மையத்தில் திரையில் படம் ஓட்டிக் கையெழுத்து வாங்கும் பயிற்சியை நாங்கள் கணக்கில் சேர்க்கமாட்டோம். அருகிலுள்ள அரசுக் கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில், ஒவ்வொருவரும் தானே பிழிந்து, வடித்து, சாயம் ஏற்றி, அழுத்தி, சிலைடை உடைத்து, மறுபடி செய்து பழக வேண்டும். அதே கல்லூரியின் முதுகலை மாணவர் இருவர் முதல் வருடம் முழுக்க அந்தப் பள்ளிக்குத் துணையாக வர வேண்டும். கணினியில் புள்ளிவிவரம் ஏற்றும் வேலையை ஆசிரியர் தலையிலிருந்து இறக்கினால் இதற்கான நேரம் தானாகக் கிடைக்கும். பயிற்சி ஏப்ரல், மே மாதத்துக்குள் முடிய வேண்டும்.

வாரத்துக்கு ஓர் இரட்டைப் பாடவேளை. நாற்பது நிமிடத்தில் பழம் பிசைவதற்கும் கை கழுவுவதற்கும் இடையில் மணி அடித்துவிடும். வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுக்கு ஏற்கெனவே மதிப்பெண் இருக்கிறது, அட்டை ஒட்டிச் செய்யும் மாதிரிகளுக்கு அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த மதிப்பெண்ணைப் பிள்ளையின் செய்முறை நோட்டுக்கு மாற்ற வேண்டும். நோட்டில் பார்த்ததை எழுதியிருக்கிறதா, எதிர்பார்த்தது வராதபோது ஏன் என்று யோசித்திருக்கிறதா என்பதற்கே மதிப்பெண், சரியான விடைக்கு இல்லை. இதற்குப் புது நிதி எதுவும் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். ஒரு சுற்றறிக்கைக்கு எத்தனை மாதம் ஆகும்?

தலைமையாசிரியர் கையில் சில்லறைச் செலவுக்கு ஒரு தொகை வேண்டும். வாழைப்பழத்துக்கு மூன்று விலைப்புள்ளி கேட்க முடியாது. ஐஸ் வாங்கிய ரசீதைத் தணிக்கைக்காகக் காத்துவைக்கவும் முடியாது. சமக்ர சிக்ஷா நிதியைப் பற்றி ஒன்றிய அரசும் மாநில அரசும் வழக்காடுவது தனி விஷயம், தீர்ப்பு வரும்வரை பழம் அழுகாமல் இருக்காது. மாநில நிதியிலிருந்தே கொடுத்துவிடலாம், தொகை அவ்வளவு சிறியது. இதோடு சேர்ந்த இன்னொன்று, பேசப்படாத ஒன்று: உடைசல். இருக்கும் நுண்ணோக்கிகூடப் பல பள்ளிகளில் பீரோவில் பூட்டியே இருக்கிறது. எடுத்தால் உடையும், உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் ஆசிரியர் பதில் எழுத வேண்டும் என்ற பயம். லென்ஸில் பூஞ்சை படர்ந்தாலும் பதிவேட்டில் அது பத்திரமாகவே இருக்கிறது. பிள்ளைகள் கையாளும் கண்ணாடிப் பொருளில் ஆண்டுக்கு ஒரு பங்கு உடையும் என்று துறையே ஏற்று, அந்தப் பங்குக்கு விளக்கம் கேட்பதில்லை என்று அரசாணை வர வேண்டும். பீரோக்கள் திறக்க வேறு வழி இல்லை.

ஆராய்ச்சி நிலையங்கள் தங்கள் வாசலைத் திறக்க வேண்டும். கோயம்புத்தூரில் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் அங்கே வெள்ளை என்ற கரும்பை ஆற்றங்கரைக் காட்டுக் கரும்போடு கலந்து உண்டாக்கிய கோ 205 என்ற வகை வட இந்தியக் கரும்பு வயல்களின் கதையையே மாற்றியது. சென்னையில் படித்த ஜானகி அம்மாள் அதே நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணினார், 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. வம்பனில் பயறு வகைகளுக்கென்றே ஒரு நிலையம் உண்டு. கும்பகோணத்துப் பிள்ளைக்கு ஆடுதுறை அரை மணி தூரம். கும்பகோணத்திலேயே பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் மரபியலாளர் என்பதும் அதே பிள்ளைக்குத் தெரியாது. நெல் பூக்கும் முற்பகலில், உமியை நறுக்கி மகரந்தப் பையை எடுத்துக் கலப்பு செய்வதை அங்கே நேரில் பார்க்க வேண்டும், ஒரு கதிரிலாவது தானும் செய்து பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள், ஒவ்வொரு நிலையமும், சுற்றியுள்ள நடுநிலைப்பள்ளிகளுக்கு. பேருந்துக் கட்டணத்தைத் துறை ஏற்க வேண்டும்.

வட்டாரத்துக்கு ஒரு மையத்தில், எட்டாம் வகுப்புக்கு மட்டும், மூலக்கூறுகளைப் பிரித்துப் பார்க்கும் ஜெல் செய்முறையும் வேண்டும். மண்டபம், பாம்பன் கரையில் பெண்கள் முங்கி எடுக்கும் கடற்பாசியிலிருந்து வரும் அகரைக் காய்ச்சி ஊற்றி, சமையல் சோடா கரைத்த நீரில் வைத்து, ஒன்பது வோல்ட் பேட்டரிகள் ஐந்தைத் தொடராக இணைத்தால், உணவுச் சாயங்கள் தனித்தனிப் பட்டைகளாக நகர்வது பிள்ளைகள் கண் முன்னே தெரியும். வீட்டு மின்சாரத்தை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தின் வழியே ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு அறிவியல் பரிசோதனைகள் வருகின்றன. அதை வரவேற்கிறோம். அதற்கான செய்முறைப் பெட்டியில் மரபியலும் ஏற வேண்டும். கருத்தாளர் வந்துபோகும் நாளில் மட்டும் நடக்கும் வேடிக்கையாக இது நின்றுவிடாமல், பொருள் பள்ளியிலேயே தங்க வேண்டும். செடி வளர்ப்பதற்கு மாதம் ஒரு முறை வருகிறவரால் முடியாது.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளிகள் ஆகியவற்றுக்கும், மற்றப் பள்ளிகளுக்குப் போகும் அதே வாரத்தில் செய்முறைப் பெட்டி போய்ச் சேர வேண்டும். பார்வையில்லாத பிள்ளைகளுக்குச் சொரசொரப்பும் வழுவழுப்பும் உள்ள மணிகள், தொட்டு எண்ணக்கூடிய குரோமோசோம் மாதிரிகள். அவர்களுடைய பெட்டி தனியாகத் தயாராக வேண்டும், அதற்கு இப்போதே ஆள் நியமிக்க வேண்டும்.

காலக்கெடு இது. டிசம்பருக்குள் செய்முறை நோட்டு, மதிப்பெண், உடைசல் பற்றிய ஆணைகள். ஜனவரியில் விதைப் பெருக்கத்துக்கான உத்தரவு. பிப்ரவரிக்குள் நுண்ணோக்கி ஒப்பந்தம். ஏப்ரல், மே மாதங்களில் ஆசிரியர் பயிற்சியும் மேசை, குழாய் வேலைகளும். ஜூன் முதல் வாரத்தில் கையேடும் விதையும் பள்ளியில் இருக்க வேண்டும், ஆடி பிறக்கும் முன் விதைத்துவிட வேண்டும். ஒவ்வொரு மாதமும் நடக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தப் பட்டியலை எடுத்து, வந்தது எது, வராதது எது, தாமதத்துக்குப் பொறுப்பான அலுவலர் எவர் என்று தீர்மானத்தில் எழுதி, பள்ளியின் வெளிச்சுவரில் ஒட்டுவோம். வட்டாரக் கல்வி அலுவலர் அதற்குப் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். பதிலையும் அதே சுவரில், பக்கத்திலேயே ஒட்டுவோம்.